பர்வீன் அக்கா கொடுத்த மூன்றாவது தண்ணீர்

கண்ணாடிக் குழாயில் இருந்தது நான் ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த திரவம். லேசாக நீலம் ஓடிய, ஏறக்குறைய தெளிவான தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எதிர்வீட்டுப் பர்வீன் அக்காவின் கேனிலிருந்து பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கஞ்சித் தண்ணீர் மாதிரி வெளுத்துவிட்டது.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. எர்ணாவூரில் எங்கள் குடியிருப்பின் கீழே தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது. வரிசையில் இருந்த பெண்கள் சண்டையை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தார்கள். ரப்பர் பைப்பிலிருந்து தண்ணீர் யாருடைய கேனிலோ நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

இடது கையில் இன்னொரு குழாய். அதிலும் அதே திரவம்தான். ஆனால் அதில் நான் ஊற்றியது கடையில் வாங்கிய, சீல் உடைக்காத பாட்டிலின் டிஸ்டில் வாட்டர். அது தெளிவாகவே இருந்தது. இரண்டையும் உயர்த்திப் பிடித்தேன்.

"இது நல்ல தண்ணி. இது நம்ம கேன் தண்ணி. இந்தக் கேன்ல ஈயம் கீது. விஷம். இனிமே இதுல குடிக்கிற தண்ணி புடிக்காதீங்க."

என் குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருக்க வேண்டும். நான் காட்டிய வித்தையில் ஒரு ஓட்டை இருந்தது. அந்தக் கூட்டத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

எதைப் படித்தேன் என்று கேட்டவருக்கு

இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு அம்மா, "ஆராய்ச்சி ஆராய்ச்சி என்கிறாயே, அப்படி எதைத்தான் ஆராய்ந்தாய் என்று ஒரு வாரமாவது சொன்னாயா?" என்று எழுதிக் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. சொன்னால் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள் என்று பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இந்த வாரம் அது இல்லாமல் கதை நகராது.

நம் உடம்பில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. அது கொழுப்பால் ஆனது. ஆட்டுக்கறியில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்தக் கொழுப்பு இல்லை. இந்தக் கொழுப்பு மூலக்கூறுக்கு ஒரு தலை, இரண்டு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு ஆகாது. தண்ணீரில் விட்டால் வால்களை உள்ளே ஒளித்துக்கொண்டு, தலைகளை வெளியே நீட்டிக்கொண்டு, இரண்டு அடுக்காகத் தானே நின்றுகொள்ளும். அப்படியே வளைந்து குட்டிக் குட்டிக் குமிழிகளாகவும் மாறும்.

தலைகளில் சிலவற்றுக்கு எதிர் மின்சுமை உண்டு. கால்சியம், ஈயம் மாதிரி உலோகங்கள் தண்ணீரில் கரைந்தால் நேர் மின்சுமையோடு திரியும். அயனி என்பார்கள். அவை இந்தத் தலைகளில் போய் ஒட்டிக்கொள்ளும். சில சமயம் ஒரே அயனி இந்தக் குமிழியின் தலையையும் அடுத்த குமிழியின் தலையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். குமிழிகள் கொத்துக்கொத்தாகக் கட்டிக்கொண்டால் தெளிவாக இருந்த திரவம் வெளுக்கும். ஐந்து வருஷம் நான் உட்கார்ந்து பார்த்தது இதைத்தான்.

கால்சியம் இப்படி வந்து ஒட்டுவது உடம்புக்கு வேண்டிய காரியம். வேலை முடிந்ததும் விட்டுவிட்டுப் போகும். ஈயம் அதே இடத்தில் வந்து உட்காரும், இன்னும் இறுக்கமாக உட்காரும், லேசில் எழுந்திருக்காது. சவ்வில் கால்சியத்துக்காகத் திறக்கிற வழிகளிலேயே ஈயமும் நுழையும். சின்னக் குழந்தைகளின் மூளைக்குள் அது போவதும் பெரும்பாலும் இப்படித்தான். சவ்வுக்கு ஆள் அடையாளம் பார்க்கத் தெரியாது.

இதையெல்லாம் என் ஆய்வேட்டில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். எங்கள் படிக்கட்டில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. யார் கேட்கப்போகிறார்கள் என்ற எகத்தாளம்தான், வேறென்ன.

என் வழிகாட்டி ஒரு பேராசிரியை. நாங்கள் மேடம் என்போம். என்ன முடிவைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் முதலில் கேட்பது "கண்ட்ரோல் எங்கே?" என்றுதான். உலோகம் எதுவும் சேர்க்காத குழாய் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். அது மாறக் கூடாது. அது மாறினால் மற்றக் குழாய்களில் நீ பார்த்தது எல்லாம் குப்பை. முதல் வருஷத்தில் இந்தக் கேள்விக்காகவே நான் இரண்டு முறை அழுதிருக்கிறேன்.

கேன் வந்த வழி

என் கணவர் தேவாவுக்குக் கொருக்குப்பேட்டையில், கூட்ஸ் ரயில் போகிற தண்டவாளத்தை ஒட்டிய ஒரு பேட்டரி பட்டறையில் வேலை. லாரிகளிலிருந்தும் ஆட்டோக்களிலிருந்தும் வருகிற செத்த பேட்டரியைத் திறந்து, பழைய ஆசிட்டைக் கொட்டி, கெட்டுப்போன ஈயத் தகடுகளை மாற்றி, புது ஆசிட் ஊற்றி உயிர் கொடுப்பார்கள். ஆக எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டது ஈயம்தான். நான் அதைத் தூசியில் தூசியாக அளந்தேன், அவர் கிலோ கிலோவாகத் தூக்கினார்.

ஈயத்தைப் பற்றித் தெரிந்தவள் என்பதால் வீட்டில் நான் கெடுபிடி. பட்டறையிலேயே குளித்துவிட்டுத்தான் வர வேண்டும். அந்தச் சட்டை வீட்டுக்குள் வரக் கூடாது. வந்ததும் இனியாவைத் தூக்கக் கூடாது. இனியா எங்கள் மகள், அப்போது இரண்டரை வயது. "பெத்த புள்ளய தூக்கறதுக்கு இவகிட்ட பர்மிஷன் வாங்கணும்" என்று தேவா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரித்தாலும் சொன்னபடி செய்வார்.

இவ்வளவு கெடுபிடி செய்த நான்தான் கேனைக் கோட்டைவிட்டேன்.

பட்டறைக்குப் புது ஆசிட் வெள்ளை பிளாஸ்டிக் கேன்களில் வரும். கனமான பிளாஸ்டிக், திருகு மூடி, நல்ல கைப்பிடி. தண்ணீர் சரியாக வராத ஒரு கோடையில் தேவா காலிக் கேன் இரண்டைக் கொண்டுவந்தார். குடத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினால் பாதித் தண்ணீர் படிக்கட்டுக்குத்தான். கேனில் ஒரு சொட்டு சிந்தாது. பார்த்த பர்வீன் அக்கா, "தம்பி, எனக்கும் ஒண்ணு எத்தாந்து குடுப்பா" என்றார். பிறகு மேல்வீடு, கீழ்வீடு. அந்த வருஷ முடிவில் எங்கள் படிக்கட்டில் கேன் இல்லாத வீடே இல்லை. அதுவரை நகத்தில் கறுப்பு போகாத ஆள் என்றே தெரிந்திருந்த தேவா, அதற்குப் பிறகு "கேன் தேவா" ஆனார். அந்தப் பெயரில் அவருக்கு ரொம்பப் பெருமை.

ஆசிட் இருந்த கேனாயிற்றே என்று பயந்தவர்கள் உண்டு. அந்தப் பயத்தைப் போக்கியது நான். ஆய்வகத்திலிருந்து ஆசிட் இருந்தால் நிறம் மாறிக் காட்டும் தாள்களைக் கொண்டுவந்தேன். புளி போட்டுத் தேய்த்துக் கழுவிய கேன்களில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் தாளை நனைத்துக் காட்டினேன். தாள் பச்சையாகவே இருந்தது. "ஆசிட் சுத்தமா போயிடுச்சி. தைரியமா புடிங்க" என்றேன். பர்வீன் அக்கா அதற்குப் பிறகுதான் தன் கேனில் குடிக்கிற தண்ணீர் பிடித்தார்.

நான் ஆசிட்டைத் தேடினேன், ஆசிட் இல்லை என்றேன். அது உண்மையும்கூட. எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. பட்டறையில் காலியான கேன் நேராக வீட்டுக்கு வருவதில்லை. செத்த பேட்டரியிலிருந்து வடிக்கிற பழைய ஆசிட்டை, ஈயச் சேற்றோடு, முதலில் அந்தக் கேனில்தான் ஊற்றி வைப்பார்கள். அதைக் கொட்டிய பிறகுதான் கேன் வெளியே வரும்.

எவ்வளவு கழுவினாலும் கேனின் அடியில் வெள்ளையாக ஒரு படலம் இருக்கும். எங்கள் பக்கம் எந்தப் பாத்திரத்தின் அடியில் வெள்ளை இல்லை? தண்ணீர் அப்படி. உப்புக் கறை என்று எல்லாரும் விட்டுவிட்டோம், நான் உட்பட.

மாறக் கூடாத குழாய் மாறியது

ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முந்தைய கருத்தரங்குக்கு மூன்று வாரம்கூட இல்லாத சமயம், ஆய்வகத்தில் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கிற கருவி கருகிப்போனது. சரிசெய்ய ஆள் வருவான், வருவான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேட்டரி பட்டறைக்காரன் பெண்டாட்டிக்கு டிஸ்டில் வாட்டருக்கா பஞ்சம்? தேவாவிடம் கேட்டேன். மறுநாளே பெரிய பாட்டில் இரண்டு வந்தது. ஒன்றின் மூடி ஒழுகியது. அதை வீட்டில் இருந்த கேன் ஒன்றில் ஊற்றி, இரண்டையும் தூக்கிக்கொண்டு போனேன்.

அன்று கண்ட்ரோல் குழாய் வெளுத்தது.

திரும்பச் செய்தேன். திரும்ப வெளுத்தது. மேடம் வந்து எட்டிப் பார்த்தார். "கையைக் கழுவிட்டுச் செய்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

உலோகத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்கிற ஒரு உப்பு எங்களிடம் உண்டு. வெளுத்த குழாயில் அதைக் கொஞ்சம் விட்டேன். மெல்ல மெல்லத் தெளிந்தது. அப்படியென்றால் தண்ணீரில் உலோகம் இருக்கிறது. ஒழுகாத பாட்டிலை எடுத்து, சீலை உடைத்து, அந்தத் தண்ணீரில் செய்தேன். வெளுக்கவில்லை. இரண்டும் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிய தண்ணீர். வித்தியாசம் கேன் மட்டும்தான்.

வெளுத்ததை வைத்து அது எந்த உலோகம் என்று சொல்ல முடியாது. பக்கத்துக் கட்டடத்தில் அதைப் பிரித்துச் சொல்கிற கருவி இருந்தது. அங்கே வேலை பார்த்த சிநேகிதியிடம் கேன் தண்ணீரைக் கொடுத்தேன். மதியம் அவளே தாளோடு நடந்து வந்தாள். "கால்சியம் ஒண்ணுமே இல்ல. எல்லாம் ஈயம். எங்கேருந்து பிடிச்ச இதை?" என்று கேட்டாள்.

அது என் சமையலறையிலிருந்து வந்தது.

இனியா ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள், காரணமில்லாமல் எரிந்து விழுவாள். சளி, பல், கண்ணேறு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மெட்ரோவில் வண்ணாரப்பேட்டை தாண்டி உட்கார இடம் கிடைத்தது, நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தோன்றியது.

தேவா கேட்ட நாட்கள்

வீட்டுக்குப் போனதும் எங்கள் கேன்களை மூடி கழற்றிக் கழிவறையில் கவிழ்த்துவிட்டு, மறுபடி யாரும் எடுக்காதபடி கத்தியால் அடியைக் கிழித்தேன். தேவா வேலையிலிருந்து வந்து வாசலிலேயே நின்றார்.

"இன்னா ஆச்சி கலை?"

"பழைய ஆசிட்ட இந்தக் கேன்லதான் ஊத்துவீங்களா?"

"ஆமா. வேற எதுல ஊத்தறது? அப்பறம் கொட்டிடுவோம். நாலு தபா கழுவிட்டுதான எத்தாந்தேன்."

சொன்னேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். கறுத்த நகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இனியாவைத் தூக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அன்றைக்கு என்னால் அதைத் தாங்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"காலைல எல்லார் கிட்டயும் சொல்லிடறேன்" என்றேன்.

"இரு. மொதல்ல பாப்பாவுக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணு. ஒண்ணும் இல்லன்னா இன்னாத்துக்கு ஊர கூட்டணும்? சொன்னா என்ன உயிரோட வுடுவாங்களா? வூட்டுக்கு வூடு நான் குடுத்த கேன் கீது."

"அதுக்காக?"

"நீயுந்தான பேப்பர் வெச்சி பாத்து நல்லா கீதுன்ன? உன்ன மட்டும் வுட்ருவாங்களா?"

அவர் மிரட்டவில்லை. பயத்தில் கேட்டார். ஆனால் என் வாயை அடைத்தது அந்தக் கேள்விதான். கருத்தரங்கு முடியட்டும், ரத்த முடிவு வரட்டும் என்று நானும் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். இத்தனை வருஷம் கழித்து எழுதும்போது அதைத் தேவாவின் தலையில் மட்டும் கட்டிவிட எனக்கு மனசு வரவில்லை.

இனியாவின் பிஞ்சுக் கையில் நரம்பு கிடைக்காமல் இரண்டு முறை குத்தினார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆனது. குழந்தைகளின் ரத்தத்தில் இருக்கவே கூடாத பொருள், இருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை. மருத்துவர் வயதான மனிதர், நிதானமாகப் பேசினார். "உள்ளே போவதை நிறுத்தினதே பெரிய வைத்தியம்மா. இரும்புச் சத்து, கால்சியம் குடுங்க. அடுத்த மாசம் திரும்பப் பாப்போம். அக்கம்பக்கத்துல இதே தண்ணி குடிக்கிற குழந்தைங்க இருக்கா?" என்றார்.

"இருக்காங்க சார்" என்றேன். தேவா தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே வந்ததும் தேவா இன்னும் நாலு நாள் கேட்டார். காரணம் சொல்லாமலே கேன்களைத் திரும்ப வாங்கிவிடுகிறேன் என்றார். வீடு வீடாகப் போனார். "பழைய கேன குடுங்க, புதுசு எத்தாந்து தரேன்" என்றார். யார் கொடுப்பார்கள்? மூடி நன்றாக இருக்கிற கேனைக் கொடுத்துவிட்டு வராத கேனுக்குக் காத்திருக்க எங்கள் ஆட்கள் என்ன இளிச்சவாயர்களா? "மொதல்ல புதுச எத்தா, அப்பறம் பாக்கலாம்" என்றார்கள். இரண்டே இரண்டு கேன் திரும்பி வந்தது, இரண்டும் ஓட்டை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இனியாவின் பெயரை எடுக்காமல், ரத்தம் என்ற பேச்சே எடுக்காமல், கண்ணெதிரே காட்டிப் பயமுறுத்தினால் தாங்களாகவே கேனைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். சனிக்கிழமை ஆய்வகத்தில் புதிதாகக் குமிழிகள் தயாரித்து, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஓட்டை என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இதுதான். குமிழிகளுக்குக் கால்சியமும் ஒன்றுதான், ஈயமும் ஒன்றுதான். எங்கள் பக்கத்துத் தண்ணீரில் கால்சியத்துக்குக் குறைச்சலே கிடையாது. கேனே இல்லாமல் லாரித் தண்ணீரை நேராக ஊற்றினாலும் அந்தக் குழாய் வெளுக்கும். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தே, கால்சியம் இல்லாத டிஸ்டில் வாட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நல்ல காரியத்துக்குத்தானே என்று நினைத்தேன்.

லாரிக்கு முன்னால்

இரண்டு குழாய்களையும் பார்த்துவிட்டு முதலில் இரண்டு பேர் தங்கள் கேனைத் தள்ளி வைத்தார்கள். ஒருத்தி மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். வேலை நடக்கிறது என்று நினைத்தேன்.

பர்வீன் அக்கா என் பக்கத்தில் வந்தார். இடுப்பில் மகன் ரியாஸ், ஒன்றரை வயது. இன்னொரு கையில் சின்ன எவர்சில்வர் சொம்பு. லாரி பைப்பிலேயே நேராகப் பிடித்த தண்ணீர்.

"கலை, இத்தயும் ஊத்திப் பாரு."

"அது எதுக்குக்கா?"

"இது கேன்ல படாத தண்ணி. இதுல ஊத்தினா மாறக் கூடாதுல்ல? மாறலன்னா கேன்தான் காரணம்னு நான் ஒத்துக்கறேன்."

பர்வீன் அக்கா எட்டாவதோடு நின்றவர். ஐந்து வருஷம் மேடம் என்னைக் கேட்ட கேள்வியை அவர் சொம்பும் கையுமாக நின்று கேட்டார். "குழாய் தீந்துபோச்சுக்கா" என்றேன். பையிலிருந்து குழாய்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அவரே ஒன்றை எடுத்து நீட்டினார்.

ஊற்றினேன். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். வெளுத்தது.

பின்னாலிருந்து ஒரு பெண் சிரித்தாள்.

"தோ பார்றா. அப்ப லாரியே விஷமா? மெட்ராஸே செத்துருக்கணும்."

"நாலு நாளா இவ வூட்டுக்காரரு கேன திருப்பிக் குடுன்னு அலஞ்சாரே. புது கேன விக்கறதுக்கு இது ஒரு டிராமா."

"படிச்ச பொண்ணுன்னு மதிச்சா நம்ம தலைலயே மொளகா அரைக்குது பாரு."

தள்ளி வைத்த கேன்கள் வரிசைக்குத் திரும்பின. லாரிக்காரர், "வேலயப் பாருங்கம்மா, அடுத்த தெருவுக்குப் போவணும்" என்று கத்தினார். பர்வீன் அக்காவின் முறை வந்தது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கேனை பைப்புக்கு அடியில் வைத்தார். நான் உண்மையைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் பொய்யான சாட்சியை வைத்துச் சொன்னேன். இனி நான் என்ன சொன்னாலும் எடுபடாது, அந்தக் கேன் நிறைந்து மூன்றாவது மாடிக்குப் போகும், சாயந்திரம் ரியாஸ் குடிப்பான்.

படிக்கட்டில் தேவா நின்றுகொண்டிருந்தார். வேண்டாம் என்று தலையாட்டினார்.

"இனியா ரத்தத்துல ஈயம் கீதுக்கா" என்றேன்.

பர்வீன் அக்கா பைப்பைக் கேனிலிருந்து விலக்கினார்.

"நான் காட்னது தப்பு. நம்ம பக்கம் எந்தத் தண்ணி ஊத்தினாலும் அது வெளுக்கும். தெரிஞ்சேதான் காட்னேன். ஆனா கேன்ல ஈயம் இருக்கறது நெஜம். பெரிய மெஷின்ல வெச்சிப் பாத்தாச்சி. பாப்பாவுக்கு ரத்தத்துல இருக்கு. ஆஸ்பத்திரி சீட்டு மேல கீது, எத்தாந்து காட்டறேன். அன்னிக்கு நான் பேப்பர் வெச்சிப் பாத்தது ஆசிட்ட மட்டுந்தான். ஈயத்தப் பாக்கவே இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. தேவா படியிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். யாராவது அடித்தால் வாங்கிக்கொள்வது என்ற முடிவோடு வந்தவர் மாதிரி இருந்தார். யாரும் அடிக்கவில்லை. ஒவ்வொருவராகக் கேனைக் கவிழ்த்தார்கள். முற்றம் முழுக்கத் தண்ணீர் ஓடியது. தண்ணீருக்காக மண்டையை உடைத்துக்கொள்கிற அந்த இடத்தில் தண்ணீர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

பர்வீன் அக்கா மட்டும் கவிழ்க்கவில்லை. ரியாஸை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"எப்ப தெரியும் ஒனக்கு?"

"புதன்கிழமை."

"எந்தப் புதன்கிழமை?"

அவரே கணக்குப் போட்டார்.

"அன்னிக்கி மத்தியானம் எனக்கு போன் பண்ண. பாப்பாவுக்கு வயிறு சரியில்ல, கடைல பாட்டில் தண்ணி வாங்கிக் குடுக்கான்ன. அதுலேருந்து தெனமும் உன் பொண்ணுக்கு பாட்டில் தண்ணி, எம் புள்ளைக்கு இந்தக் கேன் தண்ணி. ரெண்டு பேத்தையும் பக்கத்துல பக்கத்துல ஒக்கார வெச்சி நாந்தான் ஊட்னேன். பதினோரு நாளு கலை."

உண்மைதான். பகலில் இனியாவைப் பார்த்துக்கொண்டது பர்வீன் அக்கா. ஈயம் என்று தெரிந்த அந்த மதியம், சிநேகிதி தந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டே நான் முதலில் செய்தது அந்தப் போன்தான். இதை மேலே அந்த இடத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதத் தொடங்கி இரண்டு முறை அடித்துவிட்டேன். அந்தப் போனில் இன்னும் ஒரு வரி சேர்த்துப் பேச எனக்கு அரை நிமிடம் போதும். பேசவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தா

மறுநாள் மூன்று ஷேர் ஆட்டோக்களில் எங்கள் படிக்கட்டுப் பிள்ளைகள் எல்லாம் ரத்தம் கொடுக்கப் போனார்கள். தேவா கூடவே இருந்து சீட்டு வாங்கினார், ஒவ்வொரு பிள்ளையையும் மடியில் வைத்துக்கொண்டார். பட்டறை வேலையை அந்த வாரமே விட்டார்.

முடிவு வந்த அன்று வராந்தா பெஞ்சில் பர்வீன் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதுவரை அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ரியாஸ் அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். அவர் கையிலிருந்த தாளை என்னிடம் கொடுத்தார். ரியாஸின் ரத்தத்திலும் ஈயம் இருந்தது, இனியாவுக்கு இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

"நீ இதத்தான படிச்ச" என்றார் மெதுவாக. "இதுல அந்தப் பதினோரு நாளு எவ்ளோன்னு பாத்து சொல்லு."

அதைப் பிரித்துச் சொல்ல எந்தக் கருவியாலும் முடியாது.

"தெரியலக்கா" என்றேன்.

அவர் தாளை வாங்கி நான்காக மடித்து, மகனின் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.